கசப்புக் கீரையும் சுவரில் முளைத்த ஈசோப்பும்

யூத மக்கள் ஆண்டுதோறும் இளவேனிற் காலத்திலே கொண்டாடும் பாஸ்கா விழாவின் முதலிரவில், வீட்டு மேசையின் நடுவே ஒரு தட்டு வைக்கப்படும். அத்தட்டில் இடம்பெறுவனவற்றுள் ஒன்று கசப்பான கீரை. வீட்டாரும் விருந்தினரும், சிறுவர் உட்பட, அதில் ஒரு பங்கை எடுத்து மென்று விழுங்க வேண்டும். எகிப்திலே அடிமைகளாய்க் கிடந்த தம் முன்னோர் பட்ட துன்பத்தை நாவினால் அறிந்துகொள்வதற்காகவே அது உண்ணப்படுகின்றது.

உலகில் இன்றும் கொண்டாடப்படும் விடுதலை விழாக்களுள் மிகப் பழமையானவற்றில் ஒன்று இது. அதன் நடுவே ஆயுதமோ, கொடியோ, மன்னனின் முடியோ வைக்கப்படவில்லை. பாழ்நிலத்திலும் வயலோரத்திலும் தானாக முளைக்கும் ஒரு கீரையே வைக்கப்பட்டது. விவிலியத்தைச் சமய நூலாகப் போற்றுவோரும், ஒரு பழைய மக்கட் கூட்டத்தின் இலக்கியமாக மட்டும் படிப்போரும், இதன் காரணத்தைச் சற்றே ஆராய்ந்து பார்ப்பது பயனுடையது. மண்ணைப் பிரிந்து வாழ்வோருக்கு அந்த ஆராய்ச்சி இன்னும் நெருக்கமானதாக அமையும்.

ஏழையின் கறிச்சட்டி

விவிலியம் எழுந்த நிலப்பகுதியில் மழை ஐப்பசி, கார்த்திகையளவில் தொடங்கிப் பங்குனியோடு ஓய்ந்துவிடும். அதன்பின் நெடுங்கோடை. மழைக்காலத்திலே குன்றுகள் பச்சை போர்த்திருக்கும் சில மாதங்களில், விதைக்காமலும் நீர் பாய்ச்சாமலும் கிடைக்கும் கீரைகள் பல. சிக்கரி, காட்டுச் சலாது, துத்தியின் குடும்பத்தைச் சேர்ந்த மால்வா எனும் கீரை ஆகியன அவற்றுட் சில. தோட்டம் இல்லாதவனுக்கும் இவை கறியாயின. ஆகவேதான் 'கீரைக்கறி' என்பது விவிலியத்தில் எளியவனின் உணவைக் குறிக்கும் சொல்லாயிற்று. பகையுள்ள வீட்டிலே கொழுத்த எருதின் இறைச்சியை உண்பதிலும், அன்புள்ள வீட்டிலே கீரையை உண்பது மேலானது என்ற கருத்தை நீதிமொழிகள் நூல் எடுத்துரைக்கின்றது.

கீரை பறிப்பதில் ஆபத்தும் இருந்தது. இரண்டாம் இராஜாக்கள் நூலில் வரும் ஒரு சம்பவம் இது. கில்காலிலே பஞ்சம் நிலவிய காலம். தீர்க்கதரிசி எலிசா தம்முடன் இருந்தவர்களுக்குக் கூழ் காய்ச்சுமாறு பணிக்கிறார். ஒருவன் கீரை தேடி வயல்வெளிக்குப் போய், இன்னதென்று அறியாமல் ஒரு காட்டுக்கொடியின் காய்களை மடிநிறையப் பறித்துவந்து, அரிந்து பானையில் இடுகிறான். வாயில் வைத்தவர்கள் பானைக்குள் சாவு இருப்பதாக அலறுகிறார்கள். அது கடும் பேதியை உண்டாக்கும் பேய்க்கொம்மட்டியாக இருக்கலாம் என்பது தாவர ஆய்வாளரின் கருத்து. எலிசா மாவை இட்டு உணவைத் தீங்கற்றதாக்கினார் என்று நூல் கூறும். அற்புதத்தை ஒருபுறம் வைத்துவிட்டு நோக்கினால், பசித்தவன் எதையும் பறித்து வருவான் என்பதும், தாவரத்தை இனங்காணும் அறிவு உயிர் காக்கும் அறிவாக இருந்தது என்பதும் இங்கே தெளிவாகின்றன.

யோபு நூலோ இதனிலும் இரங்கத்தக்க ஒரு காட்சியைத் தருகின்றது. ஊராரால் துரத்தப்பட்ட ஒரு கூட்டத்தினர் வனாந்தரத்திலே உப்புச் சுவையுள்ள தழைகளைப் பிடுங்கி உண்டு பிழைக்கின்றனர். அகதியின் உணவைப் பற்றிய மிகப் பழைய பதிவுகளுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம்.

இத்தகைய அறிவு பழங்கதையோடு ஒழிந்துவிடவில்லை. 1948ஆம் ஆண்டில் ஜெருசலேம் நகரின் யூதப் பகுதிகள் முற்றுகைக்குள் அகப்பட்டு உணவு வருவது தடைப்பட்டபோது, மக்கள் வெற்றுக்காணிகளில் முளைத்திருந்த மால்வாக் கீரையைப் பறித்துச் சமைத்தே பசியாறினர். அதே கீரையை அந்நாட்டின் அரபு மக்களும் 'குபேசா' என்ற பெயரில் தொன்றுதொட்டு உண்டு வருகின்றனர்.

கோலால் அடிபடும் சீரகம்

தானாக முளைக்கும் கீரைகளுக்கு அடுத்தபடியாக, விதைத்து வளர்த்த வாசனைப் பூண்டுகளைக் குறிப்பிட வேண்டும். இங்கே தமிழ் வாசகருக்கு அந்நியம் எதுவுமில்லை. சீரகம், கருஞ்சீரகம், கொத்தமல்லி ஆகிய மூன்றும் விவிலியத்தில் உள்ளன. எகிப்து மன்னன் துத்தன்காமனின் கல்லறை 1922இல் திறக்கப்பட்டபோது அங்கே கொத்தமல்லியும் கருஞ்சீரகமும் காணப்பட்டன. துருக்கியின் தென்கரையில் உளுபுருன் அருகே கடலடியில் 1982இல் கண்டறியப்பட்ட கப்பலிலும் அவை இரண்டும் இருந்தன. அக்கப்பல் கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

தீர்க்கதரிசி ஏசாயா ஓர் உழவனின் கைத்திறனை உவமையாக எடுத்தாள்கிறார். கதிர் அடிக்கும் களத்திலே, அடிப்புறத்தில் கற்கள் பதித்த பலகையை மாடுகள் இழுத்துச் செல்லும். கோதுமை அதைத் தாங்கும். சீரகமும் கருஞ்சீரகமும் தாங்கா. பலகையின் பாரத்தில் அவை நசுங்கி, எண்ணெயும் வாசனையும் மண்ணோடு போய்விடும். ஆதலால் அவற்றை உழவன் கோலினால் மெல்லத் தட்டி எடுப்பான். எந்த மணிக்கு எவ்வளவு அடி என்பதை அறிந்த கையே நல்ல கை என்பது இதன் உட்கிடை. தண்டனையிலும் அளவு வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய உவமை கிடைப்பது அரிது.

புதிய ஏற்பாட்டிலே சீரகம் மீண்டும் வருகிறது. பரிசேயர் தம் தோட்டத்துப் புதினா, சதகுப்பை, சீரகம் ஆகியவற்றிற்கூட பத்தில் ஒரு பங்கை அளந்து காணிக்கை செலுத்துவர். அதே வேளையில் நீதியையும் இரக்கத்தையும் கைவிட்டுவிடுவர் என்று இயேசு கண்டிக்கிறார். மிகச் சிறிய விதைகளை எண்ணி அளப்பவன் மிகப் பெரிய அநீதியைக் காணாது விடுவது அக்காலத்துக்கு மட்டும் உரிய குறைபாடு அன்று.

தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் இப்பூண்டுகளுக்கு நேர்ந்த கதையும் சுவையானது. புதினா அங்கே 'ஒற்தலாம்' என்று நிற்கிறது. இது புதினாவைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் தமிழ் உருவம். சதகுப்பை 'வெந்தயம்' ஆகிவிட்டது. ஏசாயா கூறிய கருஞ்சீரகமோ 'உளுந்து' ஆயிற்று. தாவரமும் சொல்லும் நாடுவிட்டு நாடு போகும்போது, சென்ற இடத்தில் கிடைத்த பெயரைச் சூடிக்கொள்கின்றன. ஒற்தலாம் என்னவென்று அறியாமலே தலைமுறை தலைமுறையாக அதனை வாசித்த தமிழ்க் கிறிஸ்தவர் எத்தனை பேர்!

சுவரில் முளைத்த செடி

மொழிபெயர்ப்பிலே பெயர் மாறாது நின்ற ஒரு செடியும் உண்டு. 'ஈசோப்பு' என்று தமிழில் வழங்குவது அது. எபிரேயத்தில் 'ஏசோவ்'. இன்று ஐரோப்பாவில் ஈசோப்பு என்ற பெயரில் விற்கப்படும் செடி பலஸ்தீன மண்ணுக்கு உரியதன்று. விவிலியம் கூறும் ஏசோவ், அரபு மக்கள் 'சாத்தர்' என்று அழைக்கும் செடியே என்பது பெரும்பான்மை ஆய்வாளரின் முடிபு. 10ஆம் நூற்றாண்டிலே விவிலியத்தை அரபியில் பெயர்த்த யூத அறிஞர் சாதியா காவோனும் அவ்வாறே கொண்டார். சாம்பல் படர்ந்த சிறிய இலைகளும் மென்மயிரும் கொண்டு, பாறை இடுக்கிலே வேரூன்றி வளர்வது அது. அதன் காய்ந்த இலையை எள்ளோடும் புளிப்பான சுமாக் பொடியோடும் கலந்து, ஒலிவ் எண்ணெயில் தோய்த்து, ரொட்டியோடு உண்பது அப்பகுதி மக்களின் நாளாந்த வழக்கம். ஐரோப்பிய நகரங்களின் அரபுக் கடைகளில் இப்பொடியை வாசகர்கள் கண்டிருக்கக்கூடும்.

சாலொமோன் மன்னன் லெபனானின் கேதுரு மரம் முதல் சுவரில் முளைக்கும் ஈசோப்பு வரை சகல தாவரங்களையும் பற்றிப் பேசவல்லவனாய் இருந்தான் என்கிறது விவிலியம். மிக உயர்ந்ததற்குக் கேதுருவையும் மிகத் தாழ்ந்ததற்கு ஈசோப்பையும் எல்லைகளாக வைத்தார்கள். கேதுருவால் ஆலயமும் அரண்மனையும் எழுந்தன. ஆனால் அடிமைகள் தப்பிய இரவிலே அவர்களின் கையில் இருந்தது ஈசோப்பு. அதன் கொத்தொன்றை ஆட்டுக்குட்டியின் இரத்தத்தில் தோய்த்துக் கதவு நிலைகளிலே பூசுமாறு யாத்திராகமம் பணிக்கின்றது. மயிரடர்ந்த இலைக்கொத்து திரவத்தை ஏந்திக்கொள்ளும் இயல்புடையது. அதைப் பெறுவதற்குப் பணமும் வேண்டியதில்லை. பின்னர் குட்டரோகியைச் சுத்திகரிக்கும் சடங்கிலும் அது இடம்பெற்றது. சிலுவையில் தாகம் என்றவருக்குக் காடி தோய்ந்த கடற்காளானை ஈசோப்புத் தண்டில் வைத்து நீட்டினர் என்று யோவான் எழுதுகிறார்.

இச்செடியின் கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். லெபனானின் தலைநகர் பெய்ரூட்டுக்கு அருகே பலஸ்தீன அகதிகளுக்கென அமைந்த முகாம் ஒன்றின் பெயர் 'தல் அல் சாத்தர்', அதாவது சாத்தர்க் குன்று. 1976ஆம் ஆண்டு, லெபனான் உள்நாட்டுப் போரிலே, கிறிஸ்தவ ஆயுதக் குழுக்களின் பல மாத முற்றுகைக்குப் பின் ஆகஸ்ட் மாதத்தில் அம்முகாம் வீழ்ந்தது. ஏராளமான மக்கள் கொல்லப்பட்டனர். அதற்கடுத்த ஆண்டு, 1977இல், இஸ்ரேல் அரசு சாத்தரைப் பாதுகாக்கப்பட்ட தாவரமாக அறிவித்துக் காட்டிலே அதனைப் பறிப்பதைத் தடை செய்தது. செடி அழியாது காப்பதே நோக்கம் என்றது அரசு. வேரைப் பிடுங்காது இலையை மட்டும் கிள்ளிவந்த தம் தாய்மாரைக் குற்றவாளிகளாக்கும் சட்டம் இது என்றனர் பலஸ்தீனர். சொந்தத் தேவைக்குச் சிறிதளவு பறிப்பதற்குப் பிற்காலத்தில் இடமளிக்கப்பட்டது. எனினும், ஓர் இனம் தன் விடுதலையின் நினைவாகப் போற்றும் செடியே மற்றோர் இனத்துக்கு இழந்த மண்ணின் வாசனையாகிவிட்டதை மறுக்க இயலாது.

கீரைத்தோட்டம் கேட்ட மன்னன்

செடியைப் பறிப்பவன் யார், நிலம் யாருடையது என்ற வழக்கு அந்நாட்டில் மிகப் பழையது. கி.மு. 9ஆம் நூற்றாண்டில் வட இஸ்ரவேலை ஆண்ட ஆகாப் மன்னனின் கதையை எடுத்துக்கொள்வோம். யெஸ்ரயேல் நகரில் அரண்மனைக்கு அடுத்தாற்போல நாபோத் என்பவனின் திராட்சைத் தோட்டம் இருந்தது. அதனைக் கீரைத்தோட்டம் ஆக்குவதற்காகத் தருமாறு மன்னன் கேட்கிறான். வேறு நல்ல தோட்டமோ பணமோ தருவதாகவும் சொல்கிறான். மூதாதையரின் நிலத்தைக் கொடுப்பதற்கில்லை என்று நாபோத் மறுத்துவிடுகிறான். அரசி யேசபேல் மன்னனின் முத்திரையிட்டு ஊர்ப் பெரியோருக்குக் கடிதங்கள் அனுப்புகிறாள். பொய்ச்சாட்சி இருவர் ஏற்பாடாகின்றனர். நாபோத் கடவுளையும் மன்னனையும் பழித்தான் என்று தீர்ப்பாகி ஊருக்கு வெளியே கல்லெறிந்து கொல்லப்படுகிறான். மன்னன் நிலத்தைக் கைப்பற்றச் சென்றபோது, எலியா தீர்க்கதரிசி அங்கே வந்து நிற்கிறார். கொலையும் செய்து சொத்தையும் எடுத்துக்கொண்டாயா என்ற அவரது கேள்வி, இருபத்தெட்டு நூற்றாண்டுகள் கடந்தும் பல நாட்டு ஆட்சியாளரை நோக்கிக் கேட்கத்தக்கதாகவே இருக்கின்றது.

இக்கதையில் ஒரு சொல்லை ஊன்றிக் கவனிக்க வேண்டும். 'கீரைத்தோட்டம்' என்ற அத்தொடர் எபிரேய விவிலியத்திலே இன்னும் ஓரிடத்தில் மட்டுமே வருகிறது. உபாகமம் நூலில், காலால் நீர் பாய்ச்சிப் பயிரிட்ட எகிப்தைக் கீரைத்தோட்டத்துக்கு ஒப்பிட்டு, வானத்து மழையைக் குடிக்கும் புதிய நாட்டிலிருந்து வேறுபடுத்திக் காட்டும் இடம் அது. அடிமைத்தனம் விளைந்த நாட்டைச் சுட்டிய சொல்லையே ஆகாபின் வாயிலும் வைத்திருக்கிறார்கள். சொந்த மன்னனே குடியானவனின் நிலத்தைப் பறிக்கும்போது, சொந்த நாடும் எகிப்தாகிவிடுகிறது என்பதை அவர்கள் இதைவிட அடக்கமாகச் சொல்லியிருக்க முடியாது.

வெங்காயத்தின் நினைவு

இனி அந்த எகிப்துக்கே செல்வோம். யாத்திரை நிகழ்ந்த காலம், அதன் பரிமாணம் ஆகியன குறித்து வரலாற்றாசிரியரிடையே முடிவுறாத விவாதம் உண்டு. அவ்விவாதம் எவ்வாறு முடியினும், எண்ணாகமம் 11ஆம் அதிகாரம் மனித மனத்தைப் பற்றிச் சொல்வது உண்மையே.

அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்கள் வனாந்தரத்தில் அலைகின்றனர். வானத்திலிருந்து கிடைத்த மன்னா என்னும் உணவு அவர்களுக்குப் புதியது. அறியாத அந்த உணவை அறிந்த ஒன்றால் விளக்க முயன்று, 'கொத்தமல்லி விதைபோல' என்கின்றனர். அந்நிய நாட்டின் அங்காடியில் நின்று, காணாத காயொன்றை ஊர்க் காயொன்றின் பெயரால் அழைத்துப் பார்த்த எவருக்கும் இது புரியும்.

ஆனால் நாளடைவில் அந்த உணவும் சலித்துப்போகிறது. மக்கள் தம் கூடார வாயில்களில் இருந்து அழுகின்றனர். எகிப்திலே உண்ட மீன், வெள்ளரிக்காய், கொம்மட்டி, லீக்ஸ், வெங்காயம், வெள்ளைப்பூண்டு என ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஏங்குகின்றனர். அவை கற்பனை உணவுகள் அல்ல. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்தைக் கண்ட கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், பெரிய பிரமிட்டைக் கட்டிய தொழிலாளருக்கு முள்ளங்கியும் வெங்காயமும் பூண்டும் வழங்குவதற்கு ஆன செலவு அதன்மேற் பொறிக்கப்பட்டிருந்ததாகத் தமக்குச் சொல்லப்பட்டதை எழுதியுள்ளார். வெங்காயமும் பூண்டும் எகிப்திய உழைப்பாளியின் உணவு.

ஏங்கியவர்களின் பட்டியலிலே சவுக்கு இல்லை. செங்கல் சூளை இல்லை. ஆற்றில் எறியப்பட்ட ஆண்குழந்தைகள் இல்லை. வெங்காயத்தின் மணம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அவர்களைக் குறைகூறுவது எளிது. பிரிந்த நிலத்தின் சுவை நாவில் ஊறுவது குற்றமன்று. எனினும் நாவு நினைப்பதை மட்டும் நம்பி நடப்பவன், தான் ஏன் வெளியேறினான் என்பதை மறந்துபோவான். மறந்தவன் தன் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையும் பாதிக் கதையாகவே இருக்கும்.

கசப்புக் கீரையின் பொருள் இங்கேதான் விளங்குகிறது. எகிப்தியர் கடும் வேலையால் இஸ்ரவேலரின் வாழ்வைக் கசப்பாக்கினர் என்று யாத்திராகமம் தொடக்கத்திலேயே கூறுகிறது. 'மாரோர்' எனும் கீரையின் பெயரும் அதே 'கசப்பு' என்னும் அடிச்சொல்லிலிருந்து பிறந்ததே. வெங்காயம் தானாக நினைவுக்கு வரும், கசப்பு வராது. ஆதலால் கசப்பை ஆண்டுக்கொருமுறை உண்ணுமாறு சட்டமாக்கினர்.

செடி மாறியது, கசப்பு நின்றது

கி.பி. 70இல் உரோமர் ஜெருசலேம் ஆலயத்தைத் தகர்த்தனர். ஆலயத்தோடு பலியும் நின்றது; பாஸ்கா ஆட்டிறைச்சி யூதரின் மேசையிலிருந்து மறைந்தது. நாப்லுஸ் அருகே கெரிசிம் மலையில் வாழும் சிறுபான்மையினரான சமாரியர் மட்டுமே இன்றும் அப்பலியைச் செலுத்துகின்றனர். யூதரிடம் எஞ்சியவை புளிப்பில்லாத அப்பமும் கசப்புக் கீரையுமே. பெருங்கற்களால் எழுந்த ஆலயம் போயிற்று; ஒரு பிடி கீரை பிழைத்துக்கொண்டது.

கி.பி. 200ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டநூல், கசப்புக் கீரையாகக் கொள்ளத்தக்க ஐந்து தாவரங்களைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் முதலாவது நாம் சலாது என்று வழங்கும் கீரை. இது கசக்காதே என்ற ஐயம் எழுவது இயல்பே. தல்மூத் அறிஞர் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தனர். எகிப்தியர் தொடக்கத்தில் மென்மையாக நடந்து முடிவில் கொடியவராயினர் என்பது அவ்விளக்கம். சலாதும் இளமையில் மெல்லியது. முற்றிப் பூத்தண்டு விட்டதும் வெண்பால் சுரந்து கசக்கும். அடக்குமுறை எப்போதும் முதல்நாளிலேயே தன் முகத்தைக் காட்டுவதில்லை என்பதை அறிந்தோர் தெரிந்தெடுத்த கீரை அது.

பின்னர் அம்மக்கள் வடக்கே, ஜேர்மனி, போலந்து, ரஷ்யா எனக் குளிர்நாடுகளில் பரவினர். பாஸ்கா வரும் வேளையில் அங்கே நிலம் பனியினின்று அப்போதுதான் விடுபட்டிருக்கும். கீரைக்கு எங்கே போவது? நிலத்தடியில் கிடந்த ஒரு வேரை அவர்கள் எடுத்துக்கொண்டனர். ஜேர்மனியில் 'மேர்ரெட்டிஷ்' என்று விற்கப்படும் அந்த வேர் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தது. துருவும்போதே கண்ணில் நீர் வரவழைப்பது. இலை சொல்லப்பட்ட இடத்தில் வேரை வைக்கலாமா என்று அறிஞர் வாதிட்டனர். மக்களோ அதனைத் துருவி உண்டுவந்தனர். இன்று பல யூதக் குடும்பங்களுக்குப் பாஸ்காவின் கசப்பு என்றால் அந்த வேரின் எரிவுதான். மூதாதையர் உண்ட செடி அதுவன்று என்பதனால் நினைவு பொய்யாகிவிடவில்லை.

அந்த இரவின் சடங்கிலே ஒரு பொறுப்பு சிறுவருக்கு உரியது. இன்றைக்கு மட்டும் ஏன் கசப்புக் கீரை என்று பிள்ளை கேட்கவேண்டும்; தந்தை விடையளிக்க வேண்டும். மிஷ்னா இதற்கு ஒரு விதியையும் சேர்த்திருக்கிறது. விடையானது பிள்ளையின் அறிவுக்கேற்றதாய் இருக்கவேண்டும். அடிமையாய் இருந்த அவமானத்திலிருந்து தொடங்கவேண்டும், பெருமையோடு முடிக்கவேண்டும். இந்த வரிசையை மாற்ற இடமில்லை.

கசப்பை நினைவுகூர்வதற்கு இன்னொரு நோக்கமும் அந்நூலிலேயே உண்டு. நீங்கள் எகிப்திலே அந்நியராய் இருந்தீர்கள், அந்நியனின் மனம் உங்களுக்குத் தெரியும், ஆகையால் அந்நியனை ஒடுக்காதீர்கள் என்று யாத்திராகமம் வற்புறுத்துகிறது. இக்கட்டளை எத்தனை முறை மீறப்பட்டிருக்கிறது என்பதற்குச் சாத்தர்ச் செடியே சாட்சி. எனினும் கட்டளை அங்கேதான் இருக்கிறது. அதனை நினைவூட்டும் கீரையும் ஆண்டுதோறும் தட்டில் வைக்கப்படுகிறது.

புலம்பெயர்ந்து வாழும் எமது வீடுகளிலும் பிள்ளைகள் கேள்வி கேட்கும் வயதுக்கு வந்துவிட்டனர். ஊரின் மாம்பழத்தையும் முருங்கைக்காயையும் பற்றி நாம் அவர்களுக்கு நிறையவே சொல்லியிருக்கிறோம். மீதியையும் சொல்லவேண்டும்.